ஒரே பேனல், பல வாசல்கள்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. கடற்கரையைச் சுத்தம் செய்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்ததும் உங்களுக்கே தெரியும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நம் இணையதள வேலைக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நாம் அதிகம் சிரமப்பட்டது அதில்தான், அதிகம் கற்றதும் அதில்தான்.

நம் மீனவர் சங்கத்துக்கு ஒரு டொமைன் (இணையதளத்தின் முகவரிப் பெயர்), கருவாடு விற்பனைக்கு ஒன்று, கடல்பாசி எடுக்கும் பெண்கள் குழுவுக்கு ஒன்று என மூன்று பெயர்கள் வைத்திருந்தோம். மூன்றையும் மூன்று பேர் வெவ்வேறு காலத்தில் வாங்கினார்கள். அதில் ஒன்று, வெளிநாடு போய்விட்ட நம் உறுப்பினர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவருக்கே போயின. நாம் கேட்டதும் மனமுவந்து சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொடுத்தார், அவருக்கு நன்றி. கெடு தாண்டி நாம் விட்டிருந்தால், கொஞ்ச நாளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். படகின் பதிவுப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கிற நாம் இதையும் அப்படித்தான் வைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில், தங்கச்சிமடம், பாம்பன் பிள்ளைகள் நால்வர் அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று தளங்களையும் ஒரே ஹோஸ்டிங் கணக்குக்கு (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம்), ஒரே சிபேனலுக்கு, அதாவது எல்லாவற்றையும் நிர்வகிக்கும் ஒரே பேனலுக்குக் கொண்டுவந்தார்கள். வாங்கிய தனிப் பெயரைச் சேர்த்தால் அது ஆட்-ஆன் டொமைன். இருக்கிற பெயருக்கு முன்னால் ஒரு சொல்லும் புள்ளியும் வைத்தால் சப்டொமைன். இதற்குத் தனி ஆண்டுக் கட்டணம் இல்லை, நம் திட்டம் அனுமதிக்கும் எண்ணிக்கை வரை போட்டுக்கொள்ளலாம். ஆகவே இனிப் புதிதாக எது தொடங்கினாலும் சப்டொமைனாகவே தொடங்குவது என்று முடிவு செய்தோம். கருவாட்டுப் பெயரை மட்டும் விடவில்லை. பாக்கெட்டில் அச்சடித்த பெயர் அது, வாங்குகிறவர்களுக்குப் பழகிவிட்டது.

மே மாதம் ஒரு தவறு நடந்தது. முன்பு சேர்த்த ஆட்-ஆன் டொமைனின் கோப்புகள், முதன்மைத் தளத்தின் 'பப்ளிக் ஹெச்.டி.எம்.எல்.' ஃபோல்டருக்கு உள்ளேயே ஒரு ஃபோல்டராக இருந்தன. சங்கத் தளத்தைப் புதிதாக்கும்போது பழையது என்று நினைத்து அதையும் அழித்துவிட்டோம். பெண்கள் குழுவின் தளம் அப்படியே காணாமல் போனது. முந்தைய வாரம் எடுத்த பேக்கப் இருந்ததால் படங்கள் திரும்பி வந்தன. இப்போது ஒவ்வொரு டொமைனுக்கும் டாக்குமென்ட் ரூட் (தளத்தின் கோப்புகள் இருக்கும் தலை ஃபோல்டர்) தனித்தனியே, ஒன்றுக்குள் ஒன்று இல்லாமல் வைத்திருக்கிறோம்.

அப்புறம் வானிலைப் பக்கம். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை நாட்டுப்படகுக்காரர்களுக்கு உடனே சொல்ல ஒரு சப்டொமைன் போட்டோம். பேனலில் எல்லாம் சரியாக இருந்தது, போனில் மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாள் சிக்னலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். காரணம் நேம்சர்வர், அதாவது ஒரு பெயரைத் தேடி வருகிறவருக்குத் தளம் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லும் கணினி. சங்க டொமைனின் நேம்சர்வர் இன்னும் பழைய நிறுவனத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நாம் நம் பேனலில் டி.என்.எஸ். பதிவு (பெயருக்கான வழிக்குறிப்பு) எழுதினால் அதை யார் வந்து கேட்பார்கள்? வழி கேட்கிறவர் எல்லாம் பழைய வீட்டு வாசலில் நிற்கிறார், நாம் புது வீட்டில் பலகை மாட்டிக் காத்திருக்கிறோம்.

சரி என்று மூன்று பெயர்களின் நேம்சர்வரையும் ஒரே நாளில் மாற்றினோம். வானிலைப் பக்கம் திறந்தது. ஆனால் கருவாட்டு ஆர்டர் நின்றுபோனது. அந்த டொமைனின் மின்னஞ்சல் வேறொரு சேவையில் இருந்தது. பழைய டி.என்.எஸ்-இல் இருந்த, கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ். பதிவை நாங்கள் எடுத்துவரவில்லை. அதனால் கடிதங்கள் எல்லாம் நம் ஹோஸ்டிங்குக்கு வந்து, அங்கே அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று அனுப்பியவருக்கே திரும்பின. வேதாளையிலிருந்து ஒரு அக்கா போனில் அழைத்து, "தம்பி, வாடிக்கைக்காரர் என்னைக் கோபித்துக்கொள்கிறார், கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்கிறார்" என்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நட்டத்துக்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பு. இந்தச் சபையில் அவரிடமும் மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

எம்.எக்ஸ். பதிவைத் திருத்தி, பேனலின் இமெயில் ரூட்டிங் பகுதியில் 'ரிமோட்' (மின்னஞ்சல் வெளியே வேறு இடத்தில் இருக்கிறது) என்று மாற்றியதும் கடிதங்கள் வரத் தொடங்கின. அடுத்த முறை இந்த வரிசையை மீற மாட்டோம். முதலில் பழைய இடத்திலுள்ள பதிவுகள் அத்தனையையும் புது இடத்தில் எழுதிக்கொள்வது. மாற்றப் போகும் பதிவுகளின் டி.டி.எல். அளவை, அதாவது பழைய பதிவை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதை, வழக்கமான 14400 விநாடியிலிருந்து 300-க்கு முந்தைய நாளே குறைத்துவைப்பது. கடைசியாகத்தான் நேம்சர்வரைத் தொடுவது. அதன் பிறகும் ஓரிரு நாள் சிலருக்குப் பழையதும் சிலருக்குப் புதியதும் தெரியும், பதற வேண்டியதில்லை.

தளத்துக்கும் பார்க்கிறவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் நம் எஸ்.எஸ்.எல். சான்றிதழ் 90 நாளுக்குத்தான் செல்லும். பேனல் அதைத் தானாகவே புதுப்பிக்கிறது, பெயர் நம் சர்வரைக் காட்டும் வரை.

தமிழிலேயே டொமைன் வைக்கலாமே என்று சென்ற கூட்டத்தில் கேட்டார்கள். '.இந்தியா' என்று முடியும் பெயர்கள் உண்டு. எனக்கும் அது மிகவும் பிடித்த யோசனை. பேனலில் அது ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் தெரியும், தமிழ் முகவரியில் மின்னஞ்சலைப் பல சேவைகள் இன்னும் ஏற்பதில்லை. அதனால் தமிழ்ப் பெயரை வாங்கி, சங்கத் தளத்துக்கே கொண்டுபோகும் ஏலியாஸாக வைக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது.

உங்கள் ஒப்புதலுக்காக வேறு இரண்டு கோரிக்கைகளும் உண்டு. மூன்று டொமைன்களையும் சங்கத்தின் பெயரிலேயே ஐந்தாண்டுக்குச் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். பேனல் நுழைவை இரண்டு பேர் வைத்திருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்கள் குழுவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். எந்தப் பெயர், எந்த ஃபோல்டர், எங்கே மின்னஞ்சல், எப்போது கெடு என்று நீல அட்டை நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம். அலுவலக அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் யாரும் எடுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்