செயலாளர் ஆண்டறிக்கை: சிங்கக் குன்றும் நம் போர்க்கள நடையும்

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழா, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நூலக அலமாரி எல்லாம் வழக்கம்போல நல்லபடியாக நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய வாட்டர்லூ போர்க்கள நடையைப் பற்றித்தான்.

பிரஸ்ஸல்ஸ் பக்கம் இருக்கும் நம்மில் பலருக்கு, வாட்டர்லூ போர்க்களத்தில் உள்ள சிங்கக் குன்று என்றால், ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளைக் கூட்டிப்போய் 226 படி ஏறவைத்து, மேலே படம் எடுத்துக்கொண்டு திரும்பும் இடம். யாருடைய நினைவாகக் கட்டினார்கள் என்று கேட்டால் போரில் இறந்தவர்களுக்காக என்றுதான் சட்டென்று பதில் வருகிறது. அப்படியில்லை. 1815 ஜூன் 18 அன்று, பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனை ஆங்கிலத் தளபதி வெலிங்டனின் கூட்டணிப் படையும் பிரஷ்யப் படையும் தோற்கடித்த சண்டையில், வெலிங்டன் பக்கம் நின்ற நெதர்லாந்து இளவரசர் வில்லெம் தோளில் குண்டடி பட்டார், வயது 22. பிழைத்துக்கொண்டார், பின்னாளில் அரசராகவும் ஆனார். அவர் அடிபட்டதாகக் கருதப்பட்ட இடத்தில் அவருடைய அப்பா, மன்னர் முதலாம் வில்லெம், எழுப்பச் செய்த குன்று இது. 1820-ல் தொடங்கி 1826-ல் முடித்தார்கள். மேலே நிற்கும் சிங்கம் 28 டன் வார்ப்பிரும்பு, செரேங் ஊரில் காக்கரில் ஆலையில் வார்த்தது. பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கிச் செய்தது என்று இன்றும் சொல்கிறார்கள், அது வெறும் கதை. நான்கே ஆண்டில், 1830-ல், பெல்ஜியம் தனியாகப் பிரிந்ததும் டச்சு மன்னரின் குன்று அடுத்த நாட்டுக்குப் போய்விட்டது!

ஆனால் என்னை மிகவும் வருத்துவது அந்த மண் எங்கிருந்து வந்தது என்பதுதான். நாற்பது மீட்டருக்கு மேல் உயரும் குன்றுக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மண் வேண்டுமே, அதைப் பக்கத்திலேயே, வெலிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். லியேஜ் பகுதிப் பெண்கள் முதுகுக்கூடையில் சுமந்து கொட்டினார்கள் என்பார்கள். வெலிங்டன் அந்த மேட்டின் பின்சரிவில்தான் தன் ஆட்களை மறைத்து நிறுத்தினார். நெப்போலியனின் பீரங்கிகள் நேராக அவர்களைப் பார்க்க முடியவில்லை. மாலையில் தளபதி புளூகரின் பிரஷ்யப் படை துணைக்கு வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க அந்தச் சரிவு பெரிதும் கைகொடுத்தது. போரை நினைவில் வைக்கவென்று எழுப்பிய குன்று, போரைப் புரியவைக்கும் நிலத்தையே தின்றுவிட்டது. பின்னாளில் வந்து பார்த்த வெலிங்டனே, என் போர்க்களத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று வருந்தியதாகச் சொல்வதுண்டு. (1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக வந்த அதே வெல்லெஸ்லிதான் இவர், நீலகிரியில் உள்ள வெலிங்டன் இவர் பெயர்தான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.)

அதனால் நம் நடையைக் குன்றில் தொடங்காமல், சாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில் உள்ள கார்டன் நினைவுத்தூணில் தொடங்கினோம். வெலிங்டனின் உதவி அதிகாரியாக இருந்து அந்தப் போரில் உயிரிழந்த அலெக்ஸாண்டர் கார்டனுக்கு அவர் குடும்பத்தார் 1817-ல் வைத்தது. இப்போது படியேறித்தான் அதன் அடிக்குப் போக வேண்டும். தூணை யாரும் உயரத்தில் தூக்கி வைக்கவில்லை, தூணை விட்டுவிட்டுச் சுற்றியிருந்த மண்ணை அள்ளிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். பழைய தரைமட்டம் எது என்று தெரிய அங்கே நின்று கீழே பார்த்தால் போதும். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையை நீட்டி அந்த மட்டத்தில் ஒரு கோடு இழுத்துக் காட்டி, "அப்போ சாலையில போறவங்க எல்லாம் அன்னைக்கு மண்ணுக்குள்ளதான் இருந்திருப்பாங்க" என்றாள். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், குன்றின் அடியில் 2015-ல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2012-ல் வண்டி நிறுத்துமிடத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த ஒரு படைவீரரின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. இளவரசரின் தோளுக்கு ஒரு குன்றே இருக்கிறது, இவருக்கு ஒரு கல்கூட இருக்கவில்லை. நடையில் அதிக நேரம் எல்லாரும் நின்றது இவர் முன்னால்தான்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது இரண்டு. நடையைக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நடத்துவது; தூண், மேடு, குன்று என்ற வரிசையில் தமிழில் ஒரு சிறு கையேடு அச்சிடுவது. வரைபடம் போடத் தெரிந்தவர்கள், முதியவர்களைக் காரில் கூட்டிவர முடிந்தவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.