கிடப்பில் போன பொம்மலாட்டங்களும் அச்சில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிய கட்டுரைகள் பத்திரிகைகளில் வரிசைகட்டி வருகின்றன. அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் மப்பெட் பொம்மைகளுக்கு அவற்றில் தவறாமல் ஓர் இடமும் கிடைக்கிறது. ஆனால் அவர் எழுதிவைத்தும் படமாகாமல் நின்றுபோன பண்டிகை நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் காணக் கிடைப்பதில்லை. அவற்றையும் அவருடைய படைப்புகளாகவே கொள்ள வேண்டும் என்பதும், அவற்றின் திரைக்கதைகள் எழுதப்பட்டபடியே அச்சில் வர வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

1968-இல் ஹென்சனும் அவருடைய நெடுநாள் எழுத்துத் துணைவர் ஜெர்ரி ஜூலும் சேர்ந்து, அமெரிக்காவில் நவம்பரில் கொண்டாடப்படும் நன்றியறிதல் நாளுக்காக 'தி மியூசிக்கல் மான்ஸ்டர்ஸ் ஆஃப் டர்க்கி ஹாலோ' என்ற கதையை எழுதினார்கள். விண்ணிலிருந்து விழுந்து நெடுங்காலம் அசைவற்றுக் கிடந்த பாறைகள், கிதார் பழகும் ஒரு சிறுவனின் இசை கேட்டு உயிர்பெறுகின்றன. அவற்றிலிருந்து ரோமம் அடர்ந்த, இசையில் தேர்ந்த விந்தைப் பிராணிகள் வெளிவந்து அவன் பின்னாலேயே சுற்றுகின்றன. ஹென்சன் இதைத் தாளில் எழுதியதோடு நிற்கவில்லை. அந்தப் பிராணிகளைப் பொம்மைகளாகவே செய்து, திறந்தவெளியில் வைத்து நிழற்படங்களும் எடுத்தார். இவ்வளவு செய்தும் நிகழ்ச்சி ஒளிபரப்பாகவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொடர் தொடங்கியது. அவருடைய உழைப்பில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று.

பண்டிகை நிகழ்ச்சிக்கு உள்ள இடர்ப்பாடு இதுதான். மற்ற கதையை இந்த மாதம் வாங்க ஆளில்லை என்றால் அடுத்த மாதம் வேறொரு நிறுவனத்திடம் கொண்டுபோகலாம். நன்றியறிதல் நாளுக்கு எழுதியதற்கோ ஆண்டில் சில நாட்களே உண்டு; அவை கடந்துவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறு வேலை வந்துவிடும்.

ஆனாலும் கிடப்பில் போன எழுத்து வீணாய்ப் போவதில்லை. 1960-களின் முற்பகுதியில், சாண்டா கிளாஸை ஒரு சூனியக்காரி கடத்திச் செல்வதாக எழுதப்பட்ட திரைக்கதை ஒன்று அப்போது படமாகவில்லை. அதே கரு வளர்ந்து, சூனியக்காரியின் இடத்தில் மந்திரவாதியை வைத்து, 'தி கிரேட் சாண்டா கிளாஸ் ஸ்விட்ச்' என்ற பெயரில் 1970 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. சாண்டாவாகவும் மந்திரவாதியாகவும் நடிகர் ஆர்ட் கார்னி ஒருவரே நடித்தார். மந்திரவாதியின் கூட்டத்தில் சுருட்டுப் பெட்டிக்குள் குடியிருக்கும் சிறு பொம்மை ஒன்று உண்டு. கண்ணிமை தாழ்ந்து, மூக்கு வளைந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அந்தப் பொம்மைதான் 1976-இல் 'தி மப்பெட் ஷோ' தொடரில் பொம்மலாட்டக் கலைஞர் டேவ் கோல்ஸின் கையில் கான்சோ என்ற பாத்திரமாக மறுபிறவி எடுத்தது. அதே கான்சோ 1992-இல் 'தி மப்பெட் கிறிஸ்துமஸ் கேரல்' திரைப்படத்தில், மூலக்கதையை எழுதிய ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸாக வந்து கதை சொன்னது. அந்தப் படமும் முதலில் தொலைக்காட்சிக்கென்றே திட்டமிடப்பட்டது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். படமாகாத ஒரு திரைக்கதையில் இருந்தல்லவா இந்த வரிசை தொடங்குகிறது? அதை விட்டுவிட்டு கான்சோவின் வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறுதான்.

படைப்பாளி ஒதுக்கிவைத்ததை அவர் மறைந்த பிறகு வெளியிடுவது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் பிடிக்காமல் ஒதுக்கியவற்றுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பொம்மை செய்யும் வரை விரும்பி உழைத்து, வாய்ப்புக் கிடைக்காமல் நின்றதற்குப் பொருந்தாது. எனக்குள்ள கவலை வேறு. 'டர்க்கி ஹாலோ' 2014-இல் ரோஜர் லாங்ரிட்ஜின் சித்திரங்களோடு படக்கதை நூலாகவும், 2015-இல் லைஃப்டைம் தொலைக்காட்சியில் திரைப்படமாகவும் வந்தது. நூலில் ஹென்சன் அன்று எடுத்த நிழற்படங்களையும் சேர்த்திருந்தது மிகவும் பாராட்டத்தக்கது. பொம்மலாட்டத்தில் எழுத்து பாதி என்றால் பொம்மையின் உருவம் மறுபாதி. திரைப்படமோ கதையை இக்காலத்துக்கு மாற்றிக்கொண்டது. அதைக் குறைசொல்ல வரவில்லை. புதிதாக எடுப்பவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 1968-இல் எழுதப்பட்டது எது, பின்னால் சேர்ந்தது எது என்று வாசகர் பிரித்தறிய மூலத் திரைக்கதையும் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் இத்தகைய திரைக்கதைகளை, முடிவுறாதவை முடிவுறாமலே இருந்தாலும், வேறொருவர் கைவைக்காமல், வரைபடங்களோடும் நிழற்படங்களோடும் வெளியிட வேண்டுகிறேன். தங்கள் நாளிதழும் அடுத்த பண்டிகைக் காலக் கட்டுரைகளில் ஒன்றையாவது, ஒளிபரப்பாகாத இந்த நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொம்மலாட்ட ஆர்வலரான ஒரு வாசகர்