அம்மாவின் இரண்டாவது சம்பளம்

உதவி பெறத் தகுதியானவர்களை முடிவு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம் ஒரே வரி: குடும்ப வருமானம் வரம்புக்கு மேல். வரம்பை எப்படிப் போடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் அதை எப்படித் தாண்டினோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தம்பிக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்துக்கு 3 முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். போய்வரும் நேரம் தனி. அந்தச் செலவுக்காக அம்மா பகல் வேலை முடிந்ததும் இரவு வேலைக்கும் போகத் தொடங்கினார். நானும் வேலைக்குப் போவதால், தம்பிக்குத் துணையாகப் போக ஆளில்லாமல் தங்கை படிப்பை நிறுத்தினாள். அம்மாவின் அந்த இரண்டாவது சம்பளம்தான் எங்களை வரம்புக்கு மேலே ஏற்றிவிட்டது. அது வீட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை, நேராகச் சிகிச்சைக்குப் போய்விடுகிறது. ஆனால் உங்கள் படிவம் வருவதைக் கேட்கிறதே தவிர, போவதைக் கேட்பதில்லை.

ஆக, நோய் வந்து எங்கள் வறுமையைத் தீர்த்துவிட்டது. இன்னொருவரும் படுத்தால் வசதியான குடும்பமாகிவிடுவோம் போலிருக்கிறது!

மன்னிக்கவும், கோபம் முந்திக்கொண்டது.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2010லேயே பன்முக வறுமைக் குறியீட்டைக் கொண்டுவந்தார்கள். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்ற மூன்றிலும் சேர்த்து 10 அளவீடுகள். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா, குடிதண்ணீர் எடுத்துவர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா என்றெல்லாம் அது பார்க்கிறது. வருமானத்தைக் கேட்பதே இல்லை. அதிலும் அம்மா இழக்கும் தூக்கத்துக்கு இடமில்லை, சரி. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்பதாவது கண்ணில் படும். வறுமையை அதன் எல்லா வடிவங்களிலும் 2030க்குள் பாதியாகவாவது குறைப்போம் என்று 2015ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. கூட்டங்களில் பேசும்போது மட்டும் எல்லா வடிவமும் நினைவுக்கு வருகிறது. படிவம் அச்சடிக்கும்போது வருமானம் ஒன்றுதான் மிஞ்சுகிறது.

வருமானத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு மருத்துவத்துக்கு எவ்வளவு போகிறது, யார் படிப்பை விட்டார்கள், யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் கேளுங்கள் என்று தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

விண்ணப்பத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். செலவுக்குக் கட்டம் இல்லாததால் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
வரம்புக்கு மேலே உள்ள ஒரு குடும்பத்தின் மூத்த மகள்