நஞ்சு களத்தில் ஏறவில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியில் எங்கள் வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் கடைசியில் நீ எழுதியிருந்த சங்கதி இரண்டு நாளாக மனதைக் குடைகிறது. நன்றாகக் காயவைத்து மூட்டை கட்டிய மக்காச்சோளம் முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தவறிவிட்டது, அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். நீ காயவைத்ததில் குறையே இல்லை. கதிர் செடியில் நிற்கும்போதே நஞ்சு ஏறியிருக்க வேண்டும்.

கதிரில் நூல் விடும் சமயம் மழை பொய்த்து வெயில் கொளுத்தியதாக முன்பு எழுதியிருந்தாயே, அந்த நாட்கள்தான். மண்ணிலும் பழைய தட்டையிலும் கிடக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் வந்து நூலில் ஒட்டி, அதன் வழியாகவே மணிக்கு இறங்கிவிடும். தண்ணீரில்லாமல் வாடிய செடிக்கு அதைத் தடுக்கத் தெம்பு இருக்காது. புழு துளைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். போன வாரம் ஒரு கதிரின் தோகையை உரித்துப் பார்த்தேன். நுனியில் புழு தின்ற தடம், தடத்தின் ஓரமெல்லாம் பாசிப்பச்சைத் தூள். இரண்டு விரற்கடை தள்ளி மணிகள் பொன்னாக மின்னின. அந்த மணிகளையும் நம்ப முடியாது, பூஞ்சணம் வெளியே தெரியாமலும் நஞ்சு உள்ளே இருக்கும்.

முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் தவறியதும் அதனால்தான். ஆயிரம் மணியில் ஒன்றிரண்டில் மட்டும் நஞ்சு குவிந்து கிடக்கலாம். எல்லா மூட்டையிலும் பல இடத்தில் குத்தூசி போட்டு, எடுத்ததை மொத்தமாக அரைத்துக் கலந்து சோதிக்கச் சொல்.

வேகவைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சமையல் சூட்டுக்கு அது அழியாது. மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும். 1974இல் மேற்கு இந்தியாவில் அறுவடைக்கு முன் பெய்த மழையில் கெட்ட மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதே மக்காச்சோளம் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. உன் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, தாய் பால் கொடுக்கிறாள். அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த போகத்துக்கு நூல் விடும்போது ஒரு தண்ணீராவது தவறாமல் கட்டு, கதிர்ப்புழுவை ஆரம்பத்திலேயே பிடி, முற்றிய கதிரைச் செடியில் விட்டுவைக்காதே. சில நாடுகளில் நஞ்சு உண்டாக்காத அதே பூஞ்சண வகையைச் சோள மணியில் ஏற்றி, பூக்கும் முன்பே வயலில் தூவுகிறார்கள். அது இடத்தைப் பிடித்துக்கொண்டு நச்சு வகையை ஒதுக்கிவிடுகிறது. உனக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

சோதனை முடிவு வந்ததும் எழுது. அதுவரை அந்த மூட்டைகளைப் பிரிக்காதே.

அன்புடன்,
உன் நண்பன்