முகவரியை விடுங்கள், நேரத்தை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரைச் சாப்பாடு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். ஜிகர்தண்டா, கறி தோசை, அல்வா என்று பேர்பெற்ற கடைகளை முகவரியோடு கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தால் நானும் அங்கேதான் அழைத்துப்போகிறேன். ஆனால் முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்த ஊரில் நகரப் பேருந்து நடத்துநராக இருந்தவன் நான். எங்கள் ஊர்க்காரர்கள் அன்றாடம் நின்று சாப்பிடுகிற ஓர் இடம்கூட அந்தப் பட்டியலில் இல்லையே என்று மனம் ஆறவில்லை.

அந்த இடங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு தள்ளுவண்டி, சாத்திய கடையின் படிக்கட்டு, அவ்வளவுதான். நண்பகலில் தேடிப்போனால் வெறும் தெருதான் இருக்கும். அவற்றை நேரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். எனக்கு ஷிப்டு மாற மாற, சாப்பிடும் இடமும் மாறியது. அப்படித்தான் ஊரைக் கற்றுக்கொண்டேன்.

விடியற்காலை டூட்டியில், மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு மல்லிகை மூட்டை வந்து இறங்கும் நேரத்தில், சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு சுக்குமல்லிக் காபிக்காரர் நிற்பார். வெளிச்சம் வந்துவிட்டால் அவரைப் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் முற்பகலானால் கம்பங்கூழ். தொட்டுக்கொள்ள மோர்மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும்.

மாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நாயக்கர் காலத்தில் நெசவுக்காக மதுரையில் குடியேறியவர்கள் சௌராஷ்டிர மக்கள். அவர்கள் நிறைந்து வாழும் முனிச்சாலைப் பக்கத்துச் சந்துகளில், வெயில் தாழ்ந்ததும் வீட்டு வாசலிலேயே எண்ணெய்ச் சட்டி ஏறும். முள்ளு முருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரிக்கும் பூரி அது. சட்டியில் விழுந்ததும் அடியில் போய்விட்டு, உப்பிக்கொண்டு மேலே வரும். நல்ல கரும்பச்சை நிறம். எடுத்த சூட்டிலேயே மேலே மிளகாய்ப் பொடியைத் தூவிக் காகிதத்தில் வைத்துத் தருவார் அந்த அம்மா. நெஞ்சில் சளி கட்டினால் இதைத்தான் சாப்பிடச் சொல்வார்கள். மார்கழியில் நான் இரண்டுக்கு நான்காகச் சாப்பிட்டிருக்கிறேன்.

அங்கிருந்து சற்று நடந்தால் பருத்திப் பால் வண்டி. தங்கள் கட்டுரையில் பருத்திப் பால் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் என்னை எழுத வைத்தது. பருத்தி விதையை முதல்நாள் இரவே ஊறவைத்து, ஆட்டி, பாலை இரண்டு மூன்று தடவை பிழிந்து வடிகட்ட வேண்டும். பிறகு அரிசிமாவு கரைத்துவிட்டு, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுக்கும் ஏலக்காயும் மணக்கும். டம்ளரில் ஊற்றி மேலே தேங்காய்ப்பூவைத் தூவித் தருவார்கள். பாதி குடிப்பதும் பாதி மெல்லுவதுமாக இருக்கும். எட்டு மணி நேரம் நின்றபடியே டிக்கெட் கிழித்த காலுக்கு அந்த ஒரு டம்ளர் எப்படி இருந்தது என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இவர்களின் படத்தையும் இடத்தையும் போட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் பகுதியில் ஒரு பணியாரக் கடையை யாரோ காணொளி எடுத்துப் போட்டார்கள். ஒரு மாதம் வரையில் கார்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. பார்சல் கட்டியே மாவு தீர்ந்துபோனது. தினமும் வேலை முடிந்து வருகிற சுமைதூக்கும் தொழிலாளர்கள் வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். பணியாரம் சுடுகிற ஆச்சிக்கும் அதில் நிம்மதி இல்லை. “எங்க ஆளுகளுக்கே இல்லன்னு சொல்ல வேண்டியிருக்கே அய்யா” என்று என்னிடம் வருந்தினார்.

ஆகவே அடுத்த முறை எழுதும்போது, பகுதியின் பெயரையும் பலகாரத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் கொடுங்கள். மெய்யாகவே சாப்பிட வருகிறவர் முனிச்சாலையில் இறங்கி, எதிரில் வருகிறவரிடம் “அண்ணே, முள்ளு முருங்கைப் பூரி எங்கே கிடைக்கும்?” என்று கேட்கட்டும். மதுரையில் அதற்குப் பதில் சொல்லாமல் போகிறவர் இல்லை. பாதிப்பேர் கூடவே வந்து காட்டிவிட்டும் போவார்கள்.

தங்கள் செய்தியாளர் வருவதாக இருந்தால் நானே அழைத்துச் செல்கிறேன். மாலை ஐந்தரைக்குள் வந்துவிடச் சொல்லுங்கள். ஏழு மணிக்குப் பூரி சுடுகிற அந்த அம்மா சட்டியை இறக்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகரப் பேருந்து நடத்துநர்,
மதுரை.