பனி தூரமாய்ப் போகவில்லையா? குழலைப் பாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பனிக்காலம் தொடங்கியதும் எங்களுக்கு வரும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஸ்னோ புளோவரில் (பனியை அள்ளி வீசும் மெஷினில்) வேகமே இல்லை, பனி பக்கத்திலேயே விழுகிறது." பல நேரம் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். பனியை வெளியே எறியும் குழலைச் சரியாக வைக்காததுதான் காரணம்.

இரண்டு கட்ட மெஷினில் முன்னால் சுழலும் திருகு பனியை நடுவுக்குக் கொண்டுவரும். அதன் பின்னாலுள்ள விசிறி அதை வாங்கிக் குழல் வழியே வீசும். ஒற்றைக் கட்ட மெஷினில் விசிறி கிடையாது, திருகே எறிந்துவிடும்.

குழலுக்கு இரண்டு அசைவு. அடிவளையத்தில் அது இடமும் வலமும் திரும்பும். நுனியிலுள்ள மூடி மேலும் கீழும் மடங்கும். மூடியை உயர்த்தினால் பனி தூரம் போகும், தாழ்த்தினால் அருகிலேயே விழும். கார், ஜன்னல், ஆள் நடமாட்டம் இருக்கும் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம். பனியோடு சரளைக்கல்லும் பறந்து வரும். காற்று வீசும் திசையிலேயே எறியுங்கள். எதிர்த்து எறிந்தால் பாதி உங்கள் முகத்துக்குத்தான்.

வைத்த இடத்தில் நிற்காமல் குழல் தானாகத் திரும்புகிறதா? கைப்பிடியைச் சுற்றித் திருப்பும் மாடல் என்றால், கைப்பிடிக் கம்பியின் நுனியிலுள்ள சுருள், குழலின் அடிவளையத்திலுள்ள பற்களைச் சரியாகக் கவ்வவில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, கம்பியைத் தாங்கும் பட்டையின் நட்டைத் தளர்த்திப் பல்லோடு நெருக்கி வைத்து இறுக்குங்கள். ரொம்பவும் நெருக்கிவிட்டால் கைப்பிடி சுற்றவே வராது, மயிரிழை இடைவெளி விடுங்கள். மூடி தானாகத் தாழ்ந்தால் கீலின் நட்டு தளர்ந்திருக்கும். கேபிள் உள்ள மாடலில் கேபிள் தொய்ந்திருக்கும்.

அப்புறம் ஈரப்பனி. குழலை அடைப்பதில் அதற்கு நிகர் இல்லை. வேலை தொடங்கும் முன் குழலின் உள்பக்கம் சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். எஞ்சினை முழு வேகத்தில் விட்டு, நீங்கள் மெதுவாக நடங்கள். எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் விசிறியின் வீச்சும் குறைந்து, பனி குழலிலேயே அப்பிக்கொள்ளும்.

அடைத்துவிட்டால் குழலுக்குள் கையை மட்டும் விடாதீர்கள். கையுறை போட்டிருந்தாலும் சரி, எஞ்சின் நின்றிருந்தாலும் சரி. பெல்ட்டில் தேங்கிய இழுவிசையால், அடைப்பு விலகியதும் விசிறி சட்டென்று சுழலக்கூடும். விரல் போக அது போதும். எஞ்சினை நிறுத்தி, எல்லாம் ஓய்ந்த பிறகு, மெஷினோடு வந்த குச்சியால் குத்தி எடுங்கள். குச்சி தொலைந்திருந்தால் உறுதியான நீளமான மரக்கட்டை எதுவானாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கடைப் பணிமனையிலிருந்து