எப்படிச் செத்தார் என்பதுதான் வாழ்க்கை வரலாறா?

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இதழில் ரொக் பாடகர் கேர்ட் கோபேனின் வாழ்க்கை வரலாறு என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். ஆசையோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். 2002 இல், யுத்தத்தால் பூட்டியிருந்த ஏ9 பாதை திறந்த பிறகு கனடாவில் இருந்து வந்த மச்சான் கோபேனின் பாட்டுக் கசற் ஒன்றை விட்டுப் போனார். வீட்டில் அப்போது கரண்ட் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தம்பி பெடலைச் சுற்ற டைனமோவில் பாட்டு ஓடும், அவன் கை சோர்ந்தால் பாட்டும் இழுபடும். (அந்தப் பாட்டுகளுக்கு அதுவும் ஒரு மாதிரிப் பொருந்தித்தான் இருந்தது.)

சரி, கட்டுரைக்கு வருகிறேன். முக்கால் பக்கம் அவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட 1994 ஏப்ரல் 5 பற்றியே. எந்த அறை, எப்படிச் செய்தார், என்ன எழுதி வைத்தார் என்று படத்தோடு. மனுசன் 27 வருசம் வாழ்ந்தது எங்கே? அமெரிக்காவில் அபர்டீன் என்ற மரத்தொழில் ஊர்ப் பெடியன், ஒன்பது வயதில் தாய் தகப்பன் பிரிந்துவிட்டார்கள், 14 ஆவது பிறந்தநாளுக்குத் தாய்மாமன் கொடுத்த பழைய கிற்றார், தான் படித்த பள்ளிக்கூடத்திலேயே பிறகு கூட்டித் துடைக்கும் வேலை. முதல் இசைத்தட்டைப் பதிய ஆன செலவு 606 டொலர். 1991 இல் வந்த இரண்டாவது, நெவர்மைண்ட், அடுத்த ஜனவரியில் மைக்கல் ஜக்சனையே அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் இருந்து இறக்கியது. அவர் ஹெரோயின் போதைப்பொருள் பாவித்ததை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் 1993 நவம்பரில் நியூயோர்க்கில், மேடை நிறைய மெழுகுதிரியும் லில்லிப் பூவும் வைத்து, தன் மிகப் பெரிய ஹிட் பாட்டை விட்டுவிட்டு மற்றவர்களின் பாட்டுகள் ஆறைப் பாடினாரே, அந்த இரவுக்கு ஒரு வரி கூடவா இல்லை?

எங்கள் பக்கம் இளவயதில் போனவர்கள் இல்லாத வீடு குறைவு. என் அண்ணாவும் அப்படித்தான். வருகிறவர்கள் சுவரில் படத்தைப் பார்த்துவிட்டு "எங்க, எப்படி?" என்றுதான் கேட்பார்கள். அவன் கரம் விளையாடினால் ஊரில் யாரும் வெல்ல முடியாது, ஒரு கொப்பி முழுக்கப் பாட்டு எழுதி வைத்திருந்தான் என்பதைக் கேட்க ஒருவரும் இல்லை.

இன்னொன்று, உங்கள் பக்கத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டியது ஓஎல் சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் என் மகன். தன்னுயிரை மாய்த்தவர் அதைச் செய்த விதத்தை விவரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு எப்போதோ சொல்லியாயிற்று.

திரும்ப எழுதுவதென்றால் அந்தப் பாட்டுகளைக் கேட்ட யாரிடமாவது கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் எழுதுகிறேன். கசற்தான் கையில் இல்லை, 2009 இல் விட்டுவிட்டு வந்த சாமான்களோடு அதுவும் போய்விட்டது.

வாசகி ஒருவர்,
பரந்தன்.